பதின்மூன்றாம் வகை வண்டிகள்

மனைவி வந்து பக்கத்தில் உட்காராமல் வால்ட் ஹ்ரூபி சாப்பாட்டைத் தொடமாட்டார் என்பது லிண்டன்வியூ பராமரிப்பு இல்லத்தில் சமையற்கட்டு வரை தெரிந்த விஷயம். பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போன புதிதில், செவிலியர் கரண்டியை நீட்டினால் உதட்டை இறுக மூடிக்கொள்வார். முதல் மாதத்திலேயே பதினெட்டு பவுண்டு இளைத்தார். அதன் பிறகுதான் ஆர்லீன் தினமும் மாலை ஐந்து மணிக்கு வர ஆரம்பித்தாள். அவள் ஊட்டக்கூட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, தான் சமையல்காரியாக இருக்கும் பள்ளிக்கூடத்தில் அன்று யார் யார் மேல் பட்டாணி எறிந்தார்கள் என்று சொன்னால் போதும். வலது கையால் கரண்டியை எடுத்துவிடுவார்.

"நீ இல்லாம சாப்பிட்டா இது ஆஸ்பத்திரிச் சாப்பாடு. நீ இருந்தா வெறும் மட்டமான சாப்பாடு. மட்டமான சாப்பாடுதான் நாப்பத்தோரு வருஷமா பழக்கம்" என்பார்.

ஆர்லீன் நாப்கினை அவர் காலரில் கொஞ்சம் இறுக்கமாகவே சொருகுவாள்.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், அதுவும் கால்டர் நகரத்தில், அறுபத்து நான்கு வயதுப் பெண் இப்படிச் சொன்னால் எதிரே நிற்பவர் முகத்தில் ஓர் அனுதாபம் வரும். வால்ட் ஓட்டினார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னாள். வால்ட் விழுந்த பிறகு பிக்கப் வண்டியை விற்றுவிட்டார்கள். இப்போது அவளுக்கும் அவருக்கும் நடுவே இருப்பது கெட்டில் சாலையில் ஓடும் ஒன்பதாம் எண் பேருந்து ஒன்றுதான். மூன்று ஐம்பதுக்கு ஏறினால் நாலரைக்கு லிண்டன்வியூ வாசல்.

அக்டோபர் முதல் வாரத்தில் பேருந்து நிறுத்தத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "அன்பார்ந்த பயணிகளே, தங்கள் பயண அனுபவத்தை மேம்படுத்தும் பொருட்டு ஒன்பதாம் எண் வழித்தடம் சரியளவாக்கப்படவிருக்கிறது."

"சரியளவுன்னா பெருசாக்கறதா, சின்னதாக்கறதா?" என்று கேட்டாள் பெர்னிஸ். ஆர்லீனின் தோழி. கண் மருத்துவரிடம் போக, தங்கை வீட்டுக்குப் போக, சும்மா வீட்டை விட்டுக் கிளம்ப, எல்லாவற்றுக்கும் ஒன்பதாம் எண்தான்.

ஓட்டுநர் டெரன்ஸ் பிரேக்கைப் போட்டுவிட்டுத் தாளை எட்டிப் பார்த்தார். "மிஸ் பெர்னிஸ், பத்தொன்பது வருஷமா ஓட்டறேன். ஏழாம் நம்பரைச் சரியளவாக்கினாங்க. பதினோராம் நம்பரைச் சரியளவாக்கினாங்க. ரெண்டோட சரியான அளவும் பூஜ்யம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

ஆட்சேபம் உள்ளவர்கள் கால்டர் வட்டாரச் சமநிலைப் போக்குவரத்து மன்றத்தின் பொது விசாரணைக்கு வரலாம் என்று தாளின் அடியில் இருந்தது. அரசாங்கம் தரும் போக்குவரத்துப் பணத்தைச் சாலைக்கு இவ்வளவு, பேருந்துக்கு இவ்வளவு என்று பிரிப்பது அந்த மன்றம்தான். இடம், நெடுஞ்சாலைச் சந்திப்புக்குப் பக்கத்திலுள்ள அதன் புதிய வளாகம். அறுநூறு கார்களுக்கு இலவச நிறுத்துமிடம். அருகிலுள்ள பேருந்து நிறுத்தம், இரண்டேகால் மைல்.

ஆர்லீன் போனாள். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, நடைபாதை இல்லாத அந்தச் சாலையின் ஓரத்தில், லாரிகள் பாவாடையைப் பறக்கவிட, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அரை மைல் தாண்டியதும் ஒரு போலீஸ் கார் வந்து நின்றது.

"மேடம், உங்க கார் எங்க ரிப்பேராகி நிக்குது?"

"எனக்குக் கார் இல்ல."

உள்ளே இருந்த இளம் போலீஸ்காரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். வீட்டில் யாரோ இறந்துவிட்டதைக் கேட்டவன்போலக் குரலைத் தணித்துக்கொண்டு, "எப்பலேர்ந்து?" என்றான். பிறகு பின்கதவைத் திறந்துவிட்டான். இப்படித்தான் ஆர்லீன் தன் வாழ்க்கையின் முதல் அரசாங்க விசாரணைக்குப் போலீஸ் காரின் பின் இருக்கையில் போய் இறங்கினாள்.

வாசலில் பதிவு. பெயர், முகவரி, வண்டி எண்.

"வண்டி நம்பர் இல்லாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது" என்றாள் மேசைப் பெண்.

"நான் பஸ்ல வந்தேன்."

"அப்ப பஸ் நம்பரைப் போடுங்க."

பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்த 2217 அவளுக்கு மனப்பாடம். போட்டாள். கம்ப்யூட்டர் மகிழ்ச்சியோடு அடுத்த பக்கம் போயிற்று. வண்டியின் நீளம் கேட்டது. நாற்பதடி இருக்கும் என்றாள். அதையும் ஏற்றுக்கொண்டது.

உள்ளே முதல் நிகழ்ச்சி, பங்கீடு. மன்றம் தொடங்கிய வருடம் யாரோ விளையாட்டாக, செர்ரிப் பழம் வைத்து வட்டமாகச் சுட்ட 'பை' என்ற பலகாரத்தைக் கொண்டுவந்து, நிதியைப் பிரிப்பதுபோல அதைப் பிரித்துக் காட்டினார்களாம். அடுத்த வருடம் அது மரபாயிற்று. அதற்கடுத்த வருடம் விதியாயிற்று. இப்போது அந்தப் பையை வெட்டும் கத்தி கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். மன்றத் தலைவர் ட்வைட் ஓவர்பெக் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பையைப் பத்துத் துண்டாக வெட்டினார். எட்டு, சாலைத் துறை மேசைக்கு. இரண்டு, பேருந்துத் துறை மேசைக்கு. பேருந்துத் துறையின் சார்பில் வந்திருந்த ஒல்லியான மனிதர் அந்த இரண்டில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்ச் சாலை மேசையில் வைத்தார். பேருந்தின் சக்கரங்கள் சாலையைத் தேய்ப்பதற்கு ஈடு என்று பெர்னிஸின் வயதிருந்த ஒரு மாது ஆர்லீனின் காதில் விளக்கினாள். கைதட்டினார்கள்.

கடையில் வாங்கிய பை என்பதும், நடுவில் இன்னும் உறைந்திருக்கிறது என்பதும் ஆர்லீனுக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது.

ஓவர்பெக் நல்ல மனிதர். வழுக்கையில்கூட ஒரு கனிவு தெரிந்தது. ஒலிபெருக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நாங்க சாலைப் பக்கம் சாயறோம்னு ஒரு புகார் உண்டு. நாங்க எந்தப் பக்கமும் சாயறதில்ல. போன வருஷம் எங்க நின்னோமோ இந்த வருஷமும் அங்கயே நிக்கறோம். அதுக்குப் பேர்தான் சமநிலை. நூத்துக்கு எண்பது பங்கு ஏன் சாலைக்குன்னு கேக்கறாங்க. ஜனங்க கார்ல போகத்தான் ஆசைப்படறாங்க. ஆதாரம் இருக்கு. நாங்க பஸ்ஸை நிறுத்தின ஒவ்வொரு தெருவுலயும் பின்னாடி போய்ப் பார்த்தோம். அத்தனை பேரும் கார்லதான் போறாங்க. ஒருத்தர்கூட பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்கல."

ஆர்லீன் முறை வந்தது. மூன்று நிமிடம். எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். பச்சை எரிந்தது.

"நான் முன்னூத்தம்பது பிள்ளைங்களுக்குத் தினமும் பை வெட்டறவ. ஒரு பிள்ளைக்கு எட்டுத் துண்டு குடுத்ததில்ல" என்றாள்.

"பள்ளிக்கூடத்துல உங்களுக்குப் பங்கீட்டுச் சூத்திரம் கிடையாதே, மேடம்" என்றார் ஓவர்பெக் பரிவோடு.

"ஒன்பதாம் நம்பரை நிறுத்திட்டா என் வீட்டுக்காரர் சாப்பிடமாட்டார்."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ஓவர்பெக் ஒரு தாளைப் புரட்டினார். "கெட்டில் சாலையில நூறு வண்டி போனா அதுல பஸ் அரை வண்டிதான் வருது. அரை வண்டிக்காக நாங்க என்ன செய்ய முடியும்?"

"பஸ்ல நாப்பது பேர் இருக்கோம், சார்."

"கையேட்டுப்படி வண்டியைத்தான் எண்ணணும். கார் ஒரு வண்டி. பஸ்ஸும் ஒரு வண்டி. உள்ள இருக்கறதெல்லாம் சுமை." அவர் புன்னகைத்தார். "ஆளுங்களை எண்ண ஆரம்பிச்சோம்னா, மேடம், அப்புறம் அது எங்க போய் நிக்கும்?"

மஞ்சள் எரிந்தது. கடைசியாக ஒன்று கேட்டாள். நிறுத்தாமலிருக்க வழி உண்டா?

உண்டு. இந்த மாதம் கெட்டில் சாலையில் இரண்டு வாரம் வண்டிக் கணக்கெடுப்பு. நாளொன்றுக்கு ஒன்பதாயிரம் வண்டிக்குக் குறைந்தால் அது வழித்தடமே இல்லை, எல்லாம் நிற்கும். தாண்டினால் முதன்மை வழித்தடம். மன்றத்தின் முழுக் கவனமும் அதன் மேல் இருக்கும்.

"முதன்மை வழித்தடம் ஆனா ஒன்பதாம் நம்பருக்கு நல்லதா?"

"முதன்மை வழித்தடத்துக்கு எப்பவுமே நல்லதுதான், மேடம்" என்றார் ஓவர்பெக். சிவப்பு எரிந்தது.

மறுநாள் மாலை வால்ட் மசித்த உருளைக்கிழங்கைக் கிளறியபடி எல்லாவற்றையும் கேட்டார். அவர் முப்பத்தொரு வருடம் இந்த மாவட்டத்தின் சாலைகளில் தார் ஊற்றியவர். மன்றம் என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கைச் சுளிப்பார்.

"ரோட்டுக்குக் குறுக்க ரெண்டு ரப்பர் குழாய் போட்டிருக்காங்களா?"

"நம்ம நிறுத்தத்துக்கு எதிர்லயே. எண்ணற பெட்டியைக் கம்பத்துல சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கு."

"நான் எத்தனை போட்டிருக்கேன். சக்கரம் ஏறினா உள்ள காத்து அமுங்கும், பெட்டி ஒரு அச்சுன்னு எழுதிக்கும். ரெண்டு அச்சு சேர்ந்தா ஒரு கார்." அவர் கண்ணில் பல மாதங்களாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. "அதுக்குக் கண்ணு கிடையாது, ஆர்லீன். ஓங்கி மிதிச்சா நீயும் சக்கரம்தான்."

"அது தப்பில்லையா?"

"பஸ்ல போற நாப்பது பேர் சுமைன்னா, இறங்கி மிதிக்கிற நாப்பது பேர் என்னவாம்? உப்பை இப்படிக் குடு."

குழாய்கள் பேருந்து ஒதுங்கி நிற்கும் வளைவு வரை நீண்டிருந்தன. அங்கே வேறு வண்டி வராது. முதல் நாள் ஆர்லீனும் பெர்னிஸும் வெட்கப்பட்டுக்கொண்டே மிதித்தார்கள். இரண்டு நாளில் கைத்தடி ஊன்றி நடப்பவர்கள்கூட வந்துவிட்டார்கள். ஆனால் சும்மா மிதிப்பது சலிப்பான வேலை. அக்டோபர் காற்று வேறு முழங்காலைத் தேடி வந்தது.

வெள்ளிக்கிழமை போல்கா நடனச் சங்கத்தார் வழக்கம்போலப் பேருந்து பிடிக்க நிறுத்தத்தில் கூடினார்கள். எழுபத்தெட்டு வயதான எட்டி ஸ்கெர்ல் தன் அக்கார்டியன் வாத்தியத்தைத் தோளில் மாட்டியிருந்தார்.

"இது என்ன, திராட்சை மிதிக்கிறீங்களா?" என்றார்.

பெர்னிஸ் விஷயத்தைச் சொன்னாள்.

"அதுக்கு ஏன் இவ்ளோ சோகமா மிதிக்கிறீங்க?" என்ற எட்டி ஸ்கெர்ல், வாத்தியத்தின் வாரை இறுக்கினார்.

தாவி ஒன்று, இரண்டு, மூன்று. ஜோடி ஜோடியாக, குழாய் மேல் ஏறி, சுழன்று, திரும்ப ஏறினார்கள். கால்டரில் பாதிப் பேருக்குத் தாத்தா காலத்திலிருந்து ரத்தத்தில் ஊறிய ஆட்டம். அதற்குப் பிறகு தினமும் நடந்தது. பேருந்து தேவையில்லாதவர்கள்கூட நிறுத்தத்துக்கு வந்தார்கள். தேவாலயத்துப் பெண்கள் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஆடினார்கள். இரண்டு விதவைகளுக்கும் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரருக்கும் நடுவே ஏதோ தொடங்கியதாகவும் பேச்சு இருந்தது.

டெரன்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். "மிஸ் ஆர்லீன், ஏறறீங்களா, இல்ல இன்னும் ஒரு பாட்டு இருக்கா?"

"முடிஞ்சுடும், டெரன்ஸ். இது கடைசிச் சரணம்."

"பரவால்ல. நான் இந்தச் சிக்னலை நாலு தடவ பார்த்துட்டேன். நல்ல சிக்னல்."

ஜனவரியில் முடிவு அறிவிக்கும் கூட்டம். இந்த முறை டெரன்ஸ் தன் மச்சானின் காரில் கொண்டுவந்து விட்டார். ஆர்லீனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நாற்காலியில் ஓர் அட்டை இருந்தது. "திருமதி ஹ்ரூபி, கனரக வாகன உரிமையாளர்." நாற்பதடி வண்டியின் வேலை.

ஓவர்பெக்கின் முகம் மலர்ந்திருந்தது. திரையில் ஒரு கோடு வானத்தைப் பார்த்து ஏறியது.

"கெட்டில் சாலையை இத்தனை வருஷமா நாம குறைச்சு மதிப்பிட்டுட்டோம்" என்றார். "நாளொன்றுக்குப் பதினோராயிரம் வண்டி. அதுல நாலாயிரத்து இருநூறு, பதின்மூன்றாம் வகை."

மன்றத்தின் கையேட்டில் வண்டிகளுக்குப் பதின்மூன்று வகை. ஒன்று மோட்டார் சைக்கிள். பதின்மூன்று, ஏழு அச்சுக்கு மேல் உள்ள தொடர்லாரி. கையேட்டில் அதைவிடப் பெரியது கிடையாது. எட்டு ஜோடி சேர்ந்தாற்போலத் தாவினால் பெட்டி அதைத்தான் எழுதும்.

"சராசரி வேகம், மணிக்கு அறுபத்தெட்டு மைல். வெள்ளிக்கிழமைகள்ல எண்பது. அதுல நானூற்றுப் பத்து லாரி அதே வேகத்துல பின்பக்கமா போயிருக்கு." அவர் தண்ணீர் குடித்தார். "நம்ம ஓட்டுநர்களோட திறமைக்கு இதைவிடச் சான்று வேணுமா?"

கைதட்டல். கெட்டில் சாலை மாவட்டத்தின் முதல் சரக்கு முதன்மை வழித்தடமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு தடம் ஆறு தடமாகும். பேருந்து ஒதுங்கும் வளைவு லாரிகளுக்கு இடைஞ்சல் என்பதால் அகற்றப்படும். நிறுத்தமே இல்லாத ஒன்பதாம் எண், பிப்ரவரி ஒன்றாம் தேதியிலிருந்து சரியளவாகும்.

ஆர்லீன் கையைத் தூக்கினாள். பச்சை விளக்கு எரிவதற்குக்கூட அவள் காத்திருக்கவில்லை.

"சார், அது லாரியே இல்ல. ஆட்டம்."

"ஆட்டமா?" ஓவர்பெக் பேனாவை எடுத்தார். "உங்க லாரிங்க ஆடுதா, மேடம்?"

"லாரி இல்ல சார். நாங்க. அந்தக் குழாய் மேல நாங்க ஆடினோம்."

"அதுக்குத்தானே ஆறு தடம் போடறோம்." அவர் குரலில் ஒரு தந்தையின் ஆறுதல் இருந்தது. "தடம் அகலமானா எந்த வண்டியும் ஆடாது."

"எட்டி ஸ்கெர்ல் அக்கார்டியன் வாசிச்சார். நாங்க போல்கா ஆடினோம். வேணும்னா ஆடிக் காட்டறேன்."

மன்றத்தின் வழக்கறிஞர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். ஓவர்பெக் தலையாட்டிவிட்டு, கணக்கெடுப்பில் பிழை இருந்தால் திருத்த வழி உண்டு என்றார். எண்ணப்பட்ட லாரியின் உரிமையாளர், லாரியின் பதிவுச் சான்றோடு வந்து, அது லாரி அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாலாயிரத்து இருநூறு லாரிக்கும் தனித்தனிப் படிவம்.

"லாரியே இல்லாதப்போ பதிவுச் சான்று எங்கேர்ந்து வரும்?"

"பார்த்தீங்களா" என்றார் ஓவர்பெக் கூட்டத்தைப் பார்த்து, உண்மையான வருத்தத்தோடு. "சான்று இல்லாமலேயே நாலாயிரத்து இருநூறு லாரி ஓடியிருக்கு. நெலமை அவ்ளோ அவசரம்."

பிப்ரவரியில் ஒன்பதாம் எண் நின்றது. முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் கொண்டுபோய் விட்டார். பெர்னிஸின் மருமகன் ஒரு நாள். வாடகைக் காருக்குப் போக வர அவளுடைய அரைநாள் சம்பளம் ஆயிற்று, அதையும் மூன்று முறை கொடுத்தாள். பனி பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தே கிளம்பி, பாதி வழியில் கால் மரத்துப் போய்த் திரும்பினாள். அன்று லிண்டன்வியூவுக்குப் போன் செய்தாள். செவிலி போனை வால்ட்டின் காதில் வைத்தாள்.

"சாப்பிட்டியா?"

"பசிக்கல."

"வால்ட், பொய் சொல்லாத. நான் போன்லயே உக்காந்திருக்கேன். கரண்டியை எடு."

"போன்ல நாப்கின் கட்டறவளை நான் பார்த்ததில்ல" என்றார். அவர் குரல் மெலிந்திருந்தது. மாதக் கடைசியில், ஒன்பது பவுண்டு குறைந்துவிட்டது, இன்னும் குறைந்தால் குழாய் வழியாகத்தான் உணவு என்று மருத்துவர் சொன்னார். ஆட்டம் ஆடிய நாள்களை நினைத்து ஆர்லீன் சமையலறையில் யாரும் பார்க்காமல் அழுதாள். தானே தன் பேருந்தின் மேல் ஏறி மிதித்ததாகத் தோன்றிற்று.

மார்ச் மூன்றாம் தேதி கெட்டில் சாலையைப் பெயர்க்க ஆரம்பித்தார்கள். ஐந்தாம் தேதி வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தபோது, ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று ஒரு புதுப் பேருந்து நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் டெரன்ஸ். தலையில் கட்டடத் தொழிலாளர்கள் போடும் தொப்பி.

"ஏறுங்க மிஸ் ஆர்லீன்."

"இது என்ன பஸ்?"

"பஸ்ஸுன்னு சொல்லாதீங்க, கேஸ் போட்டுடுவாங்க. இது கட்டுமானக்கால நெரிசல் தணிப்பு வாகனம், எண் ஒன்று. நானும் இப்ப ட்ரைவர் இல்ல. நெரிசல் தணிப்பாளர். மணிக்கு ஆறு டாலர் அதிகம்."

விதியில் அப்படி இருந்தது. பெரிய சாலைப் பணி நடக்கும்போது காரில் போகிறவர்கள் தவிக்கக் கூடாது என்பதற்காக, பத்து நிமிடத்துக்கு ஒன்று, கட்டணமில்லாமல், அந்த வாகனம் ஓட வேண்டும். செலவு, பையின் அந்த எட்டுத் துண்டிலிருந்து. பேருந்துக்குப் பணமில்லை என்று சொல்லிவிட்டு ஆறு பேருந்து வாங்கியிருக்கிறீர்களே என்று உள்ளூர்ப் பத்திரிகைக்காரி கேட்டபோது, ஓவர்பெக் பொறுமையாக விளக்கினார். அது பேருந்து அல்ல, சாலைப் பணியின் ஒரு பகுதி, ஜல்லி மாதிரி, சிமெண்ட் மாதிரி.

சாலையில் பள்ளம் இருக்கும் வரை வாகனம் இருக்கும். ஆர்லீன் நாலு பத்துக்குக் கிளம்பினாலும் ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வால்ட்டின் கன்னத்தில் சதை பிடித்தது. லிண்டன்வியூவின் இறைச்சி உருண்டை எந்த மிருகத்திலிருந்து வந்தது என்பது பற்றி மறுபடியும் அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தார்.

"எத்தனை மாசம் போட்டிருக்கான்?" என்று கேட்டார் ஒரு நாள்.

"இருபத்திரண்டு."

"அப்ப கவலையே படாத. மில்பர்ன் மேம்பாலத்துக்குப் பதினெட்டு மாசம்னு போட்டோம். பதினோரு வருஷம் கட்டினோம். அதுல ரெண்டு பேர் ரிட்டயரே ஆனாங்க."

ஆனால் ஜூனில் டெரன்ஸ் ஒரு கெட்ட செய்தி சொன்னார். இந்த ஒப்பந்தக்காரர் புது ஆள். பொழுது விடியுமுன் வந்துவிடுகிறார். மழையிலும் வேலை செய்கிறார். இந்தப் போக்கில் அக்டோபரிலேயே முடிந்துவிடும்.

வால்ட் கரண்டியைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது. "பதினாலு மாசம் முன்னாடியா? என்ன ஆளுங்க இவங்க? ரோட்டு வேலைக்குன்னு ஒரு மரியாதை இல்ல?"

"கத்தாத, வால்ட். ரத்த அழுத்தம்."

"நல்லா இருக்கற மனுஷன் செய்யற காரியமா அது?"

அன்று அவர் பாதிதான் சாப்பிட்டார். ஆர்லீன் மீதியை மூடி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்டோபருக்குப் பின் என்ன என்று இருவரும் பேசவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் விளம்பரத் தாள் ஒன்று அவள் கைப்பையில் ஒரு மாதமாக இருந்தது. அதை அவள் எடுத்துக் காட்டவில்லை. அவள் கண்புரையைப் பற்றி அவருக்கும் தெரியும்.

ஜூலையில், சாலைத் திறப்பு விழாவுக்கான தயாரிப்பாக, மன்றம் மறுபடியும் ரப்பர் குழாய்களைப் போட்டது. இந்த முறை ஆரஞ்சு வாகனத்துக்குக் காத்திருந்தவர்கள் யாரும் அவற்றின் மேல் ஆடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு வாகனம் வந்தால் ஒரு பாட்டு முடியக்கூட நேரமில்லை. எட்டி அக்கார்டியனைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்குள் டெரன்ஸ் கதவைத் திறந்துவிடுவார்.

ஆகஸ்டில் ஒரு மாலை, வால்ட்டின் அறைத் தொலைக்காட்சியில் உள்ளூர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பாதி முடிந்த கெட்டில் சாலையின் நடுவே ஓவர்பெக் நின்றிருந்தார். பின்னால் இயந்திரங்கள் அசையாமல் நின்றன. அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சத்தத்தைக் கூட்டு" என்றார் வால்ட்.

"மக்களுக்கு ஒரு வேதனையான செய்தி" என்றார் ஓவர்பெக் திரையில். "கெட்டில் சாலையில நாளொன்றுக்கு ஓடிக்கிட்டிருந்த நாலாயிரத்து இருநூறு பதின்மூன்றாம் வகை லாரி இப்ப ஒன்னுகூட இல்ல. ஒன்னுகூட. எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல. பக்கத்து மாவட்டங்கள்ல விசாரிச்சோம். அங்கயும் இல்ல. இவ்வளவு பெரிய லாரிங்க ஓட வேண்டிய சாலையை, அந்த லாரிங்க எங்க இருக்குன்னு தெரியாம முடிக்கறது பொறுப்பில்லாத செயல். அதனால வேலையை இன்னைக்கே நிறுத்தறோம். லாரிகளைக் கண்டுபிடிக்க ஒரு நிபுணர் குழு. மூணு வருஷ ஆய்வு. தேவைப்பட்டா நீட்டிப்போம்."

பத்திரிகைக்காரியின் குரல் கேட்டது. "அதுவரைக்கும் இந்த ஆரஞ்சு பஸ்?"

"பஸ் இல்ல. நெரிசல் தணிப்பு வாகனம்" என்றார் ஓவர்பெக். "பள்ளம் இருக்கற வரைக்கும் ஓடித்தான் ஆகணும். விதி."

ஆர்லீன் வால்ட்டைப் பார்த்தாள். வால்ட் தட்டைப் பார்த்தார். பட்டாணியை ஒரு கரண்டி அள்ளி, மெதுவாக மென்று விழுங்கினார். அடுத்த கரண்டியையும் அள்ளினார்.

"அந்தத் தலைவருக்கு ஒரு லெட்டர் போடணும், ஆர்லீன்."

"என்னன்னு?"

"எங்க வீட்டுலயும் தேடிப் பார்த்தோம், இங்க இல்லன்னு." அவர் உதட்டோரத்தை அவள் துடைத்துவிடும் வரை காத்திருந்தார். "அவசரப்படாம தேடச் சொல்லு."